இது ஆர்க் அடித்த கண் அல்ல

ஐந்து வருடங்களில் என் கண்ணுக்கு வைத்தியம் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. கண்ணைப் பார்த்தவர்கள்தான் ஒருவரும் இல்லை. நான் வெல்டர் என்று சொன்னதுமே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. "வெல்டிங்கா? அப்ப ஆர்க் அடிச்சதுதான்" என்று டாக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை ஒரே தீர்ப்பு. தொழிலைக் கேட்டார்கள், மருந்து எழுதினார்கள், அனுப்பிவிட்டார்கள். இதை எழுதும்போது என் இடது கண் நன்றாக இருக்கிறது. வலது கண் அப்படி இல்லை. ஆத்திரம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அது ஆறுகிற வழியாகத் தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஆர்க் அடிப்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். தண்ணீராகக் கொட்டும், இமையைத் திறக்க முடியாது. ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். எங்கள் தொழிலில் இதில் அடிபடாத ஆள் கிடையாது. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்துவிடுவோம்.

எனக்கு வந்தது அது இல்லை. எனக்கு அரிப்பு. வள்ளியூரில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தூசி பட்டால் கண் சிவந்து அரிக்கும். திருவனந்தபுரம் வந்து கரமனையில் கிரில் பட்டறையில் சேர்ந்த பிறகு தூசிக்கா பஞ்சம்? இரண்டு கை விரல் முட்டியாலும் கசக்குவேன். கசக்கும்போது ஒரு சுகம், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "நல்லா கசக்கி விடும் வே, தூசி வெளிய வந்துரும்" என்று கூட வேலை செய்கிறவர்களும் சொல்வார்கள். பிறகு பார்வை மங்கத் தொடங்கியது. தெருவிளக்குக்கு வால் முளைத்தது. ஒரு நிலாவுக்கு மூன்று நிலா தெரிந்தது. பஸ் போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருந்தார். முதல் தடவை போனபோது நடந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எந்தா ஜோலி?" என்று கேட்டார்.

"வெல்டிங் சார்."

அதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. "கிளாஸ் வைக்காதெ செய்யும், அல்லே?"

"வச்சுத்தான் சார் செய்வேன்."

"எல்லாரும் இங்ஙனெ தன்னெ பறயும்" என்று சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டை நீட்டினார். எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்களாம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பல தடவை என்னிடம் காசே வாங்கவில்லை. ஆனால் ஒரு டார்ச் லைட்டையாவது எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கலாமே? எத்தனை முறை போனாலும் அதே சொட்டு மருந்து, அதே சிரிப்பு. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இன்னொரு பக்கம். சில மாதத்துக்கு ஒருமுறை பவர் மாறும். மாறும் போதெல்லாம், நான் கண்ணாடியை ஒழுங்காகப் போடுவதில்லை, அதனால்தான் ஏறுகிறது என்பார். வீட்டுக்கு வந்தால் செல்வி. என் மனைவி, சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். "உள்ளதச் சொல்லுங்க, அந்தக் கறுப்புக் கண்ணாடிய போடுதியளா, இல்ல சும்மா கழுத்துல தொங்க விடுதியளா?" என்று அவளும் கேட்டாள். ஊர் முழுக்கச் சொன்னால் பெண்டாட்டி மட்டும் எப்படி நம்பாமல் இருப்பாள்? கடைசியில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். செய்யாத தப்புக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாறு என்ற இடத்தில் ஒருவர் சுற்றுலா வருகிறவர்களுக்காக விடுதி கட்டியிருந்தார். ஆற்றைப் பார்த்த வராந்தாவுக்குக் கைப்பிடிக் கம்பி போடுகிற வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. முதலாளி சசியண்ணன், நான், உதவிக்கு இன்னொருவர். கம்பியும் தூணும் சேருகிற இடத்தில் எனக்கு இரண்டு கோடு தெரிந்தது. எது நிஜம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பற்றவைத்தேன். கறுப்புக் கண்ணாடியை இறக்கியபின் ஆர்க் வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆரம்பித்த இடத்திலிருந்து கையை ஓட்ட வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சசியண்ணன் அந்தக் கம்பியில் சாய்ந்துகொண்டு டீ குடித்தார். கம்பி தூணை விட்டுக் கழன்று வந்தது. டம்ளர் கீழே பாறையில் விழுந்து சிதறியது. அவரை நாங்கள் இருவரும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். குனிந்து, மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தேன். என் வெல்டிங் சீராக, ஒரு பிசிறில்லாமல், அவ்வளவு அழகாக இருந்தது. இணைப்பில் மட்டும் இல்லை, இணைப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"காலத்தே குடிச்சிட்டாணோ வந்நது?" என்று சசியண்ணன் கத்தினார். அவர் உயிர் போகப் பார்த்தது, கத்தாமல் என்ன செய்வார்? ஆனால் நான் காலையில் குடித்துவிட்டு வந்தேனா என்று கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. பீடி கூடப் பிடிக்காதவன் நான். மறுநாள் பட்டறைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். செல்வி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து முன்னால் நின்றாள். "கெளம்புங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். இனி ஒருத்தன் வாய்ல இருந்தும் ஆர்க்குங்கிற வார்த்தைய நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

பெரிய கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கண்பாப்பாவை விரிக்கிற மருந்தை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருங்கள் என்பார்கள். நேரம் போகவே போகாது. எனக்குப் பக்கத்தில் ஒரு மாமி, கூடவே கல்லூரிப் படிப்பு முடித்த மகன். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர்கள். கண் மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருக்கிறது, மாமியே பேச்சுக் கொடுத்தாள்.

"இவனுக்கு இந்த மூக்குக் கண்ணாடியே வேண்டாமாம். லேசர் வெச்சு எடுத்துடுங்கோன்னு வந்தோம். அதுக்கு முன்னாடி என்னமோ படம் எடுக்கணும்னா. எடுத்துப் பாத்துட்டு, அந்த லேசர் உனக்குக் கூடாது, கண்ணு கூம்பிண்டு வரதுன்னுட்டா. நல்ல வேளை, ஆரம்பத்துலயே பாத்துட்டோம்னு டாக்டர் சொல்றா. இப்போ வேற லேசராம், கண்ணை பலப்படுத்தறதாம். நோக்கு என்ன தொந்தரவுப்பா?"

நான் சொன்னேன். நிலா, தெருவிளக்கு, இரண்டு கோடு, எல்லாம்.

"இவனும் இதையேதான் சொன்னான்" என்றாள் மாமி. "எத்தனை நாளா?"

"அஞ்சு வருஷமா."

மாமி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அஞ்சு வருஷமா ஒருத்தரும் ஒரு படம் எடுக்கலையா?"

அந்தக் கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை, பாவம், மனது பொறுக்காமல் கேட்டாள். ஆனால் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டது. அந்தப் பையன் அழகுக்காக வந்தவன், அதனால் முதல் நாளே படம் எடுத்தார்கள். நான் பார்வை போகிறது என்று வந்தவன், அதனால் சொட்டு மருந்து. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்திருக்க வேண்டியதுதானே என்றுதான் கோபம்.

என்னையும் படம் எடுத்தார்கள். முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வட்டம் வட்டமாக வெளிச்சம் போடுகிற கருவிக்குள் பார்க்கச் சொன்னார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்குத்தான் ஐந்து வருடம். கம்ப்யூட்டரில் என் கருவிழிகள் இரண்டும் நிறம் நிறமாக வந்தன. பச்சையும் நீலமும் இருக்க வேண்டிய இடத்தில், வலது கண்ணில் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பாக இருந்தது.

டாக்டர் ஒரு பெண். மலையாளி, தமிழ் கலந்து பேசினார். "இது ஆர்க் அடிச்சதல்ல. வெல்டிங்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று தொடங்கினார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. தீர்ப்பு மாறிய கைதி மாதிரி இருந்தேன், நோய் என்னவென்றே இன்னும் கேட்கவில்லை.

நோயின் பெயர் கெரட்டோகோனஸ். கண்ணுக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதைக் கார்னியா என்கிறார்கள், நாம் கருவிழி என்போம். அது சீராக வளைந்திருக்க வேண்டும். சிலருக்கு அது மெலிந்து, வலுவிழந்து, முன்னால் கூம்பாகப் பிதுங்கிவிடுகிறது. அப்புறம் வெளிச்சம் கோணலாகத்தான் உள்ளே போகும், ஒன்று மூன்றாகத் தெரியும். யாருக்கு ஏன் வருகிறது என்று முழுக்கச் சொல்ல முடியாதாம்.

"கண்ணு திரும்முமோ?" என்று டாக்டர் தன் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

"கசக்குறதா? சின்ன வயசுல இருந்தே, டாக்டர்."

"அதாணு ரொம்ப மோசம். அரிப்புக்கு வேற மருந்து தரேன். இனி கை கண்ணு பக்கம் போகக்கூடாது" என்றார்.

பிறகு வைத்தியத்தைச் சொன்னார். மஞ்சள் நிறத்தில் வைட்டமின் மருந்தைக் கண்ணில் ஊற வைத்து, அதன் மேல் ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் கருவிழிக்குள் இருக்கிற இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். பிதுங்குவது நிற்கும். போன பார்வை வராது, இருப்பது போகாது. அங்கே எல்லோரும் அதை லேசர் என்றார்கள், நர்ஸும் பில்லும் உட்பட. டாக்டர் மட்டும் திருத்தினார். "சரியா சொன்னா லேசர் இல்ல. அல்ட்ரா வயலட்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அல்ட்ரா வயலட் என்ற வார்த்தையை எந்த வெல்டருக்கும் சொல்லித்தர வேண்டாம். கறுப்புக் கண்ணாடி டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். அதிலிருந்து தப்பிக்கத்தான் அந்தக் கண்ணாடி. செல்விக்கும் தெரியும். "கண்ணக் கெடுக்குற வெளிச்சத்தயா கண்ணுக்குள்ள விடப் போறிய? அதெல்லாம் வேண்டாம், வாங்க போவோம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "பேடிக்க வேண்டாம், இருங்க. இது அளந்து விடுற வெளிச்சம். அந்த மஞ்சள் மருந்து உங்க கறுப்புக் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் முழுக்க உள்ள போகாம அது குடிச்சுக்கும். ஆனா கருவிழிக்கு ஒரு கனம் வேணும். தகடு ரொம்ப மெலிசா இருந்தா வெல்டிங்ல என்ன ஆகும்?"

"ஓட்டை விழும்."

"அது தன்னெ. உங்க இடது கண்ணுக்குக் கனம் உண்டு. இப்ப செய்தா நிக்கும். வலது கண்ணு..." என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வலது கண் அந்த அளவைத் தாண்டி மெலிந்துவிட்டது. அதில் வெளிச்சம் விட்டால் உள் பக்கம் கெட்டுவிடும். அதற்குக் கடினமான காண்டாக்ட் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், அதுவும் சேராமல் போனால் யாரோ ஒருவர் இறந்த பிறகு கொடுத்த கருவிழியைத் தைத்து வைக்க வேண்டிவரும். இடது கண்ணும் தாமதித்தால் அதே வழியில் போகும் என்றார்.

எனக்கு ஒரு கண் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. மற்றொன்றும் போனால் கையில் வெல்டிங் ராடும் இல்லை, தட்டில் சோறும் இல்லை. "விடுங்க வெளிச்சத்த" என்றேன். செல்வி அழுதுகொண்டே சம்மதித்தாள்.

செய்த நாளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமைகளைக் கம்பி வைத்து விரித்துவிடுவார்கள். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள், மருந்து உள்ளே இறங்குவதற்கு. நாங்களும் பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தானே பற்றவைப்போம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அரை மணி நேரம் மஞ்சள் மருந்து சொட்டுச் சொட்டாக. உலகமே மஞ்சளாகிவிட்டது. அப்புறம் ஊதா வெளிச்சம், அதுவும் அரை மணி நேரம். வலி இல்லை. ஆனால் இத்தனை வருடம் அந்த நிறத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிப் பழகிய கழுத்து இது. திரும்பாதே, திரும்பாதே என்று அதனோடு மல்லுக்கட்டியதில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "நல்லா கிடக்குறீங்க, அனங்காதெ, அசையாம இருங்க" என்று டாக்டர் நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தார்.

வலி அதற்குப் பிறகுதான். மரத்துப்போக விட்ட மருந்தின் வேகம் தணிந்ததும் தெரிந்தது. மேல்தோல் மறுபடி வளரும் வரை பாதுகாப்புக்கு ஒரு மெல்லிய லென்ஸை வைத்து அனுப்பியிருந்தார்கள். வெளிச்சம் என்ற பேச்சே ஆகாது. செல்வி கடையிலிருந்து கிழிந்த துணித் துண்டுகளைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு மூன்று அடுக்குத் திரை தைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், நான் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், தூக்கத்தில் கை கண்ணுக்குப் போய்விடுமோ என்பது. செல்வி எங்கள் மகளின் பழைய கொலுசைத் தேடி எடுத்து என் வலது கையில் கட்டிவிட்டாள். கை அசைந்தால் சத்தம் கேட்கும், கேட்டதும் எழுந்து கையை இறக்கி வைப்பாள். எத்தனை முறை எழுந்தாளோ, மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மகள்தான் பட்டறை ஆட்கள் வந்தபோது, "அப்பாவுக்கு எங் கொலுசு நல்லாருக்குல்ல?" என்று எல்லோரிடமும் கேட்டுவைத்தாள்.

சசியண்ணனும் வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. குடித்தாயா என்று கேட்டதற்கு அவருக்கு வருத்தம் இருந்தது முகத்தில் தெரிந்தது. நோயை முழுக்க விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி, "இனியெங்கிலும் ஆ கறுத்த கண்ணட மறக்காதெ வைக்கணும், கேட்டோ" என்றார். இத்தனை சொன்ன பிறகும் கறுப்புக் கண்ணாடி. வலி இருந்ததால் மட்டுமே நான் கத்தவில்லை. அந்த ஆரஞ்சை அன்று நான் தொடவும் இல்லை.

பல மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடது கண்ணுல ஒரு மாற்றமும் இல்ல. நின்னிருக்கு" என்றார்.

செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியை மாதக்கணக்காக வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டேன். "டாக்டர், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, முதல் நாளே யாராவது இந்தப் படத்த எடுத்திருந்தா என் வலது கண்ணும் இப்படி நின்னிருக்குமா?"

அவர் பழைய படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். "அன்னைக்கு இந்த வெளிச்சம் இங்க வந்திருக்கவே இல்ல" என்றார். எனக்கு ஏதோ ஓர் ஆறுதல் வரப் பார்த்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான மனுஷி, நிறுத்தவில்லை. "ஆனா கண்ணு கசக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பேன். அரிப்புக்கு மருந்து தந்திருப்பேன். சிலருக்கு அதுலயே நிக்கும். உங்களுக்கு நின்னிருக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதும் அவர் சொன்னதே காதில் ஓடியது. லேசர் வேண்டாம், மிஷின் வேண்டாம், வைட்டமின் வேண்டாம். கசக்காதே. அந்த ஒரு வார்த்தைக்கு யாருக்கு என்ன செலவு? ஐந்து வருடமாக என்னைப் பார்த்த இத்தனை பேரில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. வந்ததெல்லாம் கறுப்புக் கண்ணாடி. பட்டறைக்குப் பக்கத்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தே நான் கசக்கியிருக்கிறேன், அவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

கிழக்கேகோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். செல்வி முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தவர் என் பக்கத்தில் நின்று, பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கை விரல் முட்டியாலும் கண்ணைக் கசக்க ஆரம்பித்தார். சுகமாக, ஆழமாக, நான் கசக்குவேனே அதே மாதிரி. கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"எந்தாடோ? கை விடு."

"கசக்காதீங்க."

"என்றெ கண்ணு, என்றெ கை. தனிக்கெந்தா?" என்று உதறினார். அவர் கண், அவர் கை, எனக்கென்ன என்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வியும் திரும்பிப் பார்த்தாள், ஆனால் என்னை உட்காரச் சொல்லவில்லை. கண்டக்டர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு முன் பக்கம் நகர்ந்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் இன்னொரு கை கண்ணுக்குப் போய்விட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் பின்னாலேயே போனேன்.